ஆழத்தில் கிடைத்தால் பழசுதானா? அகழாய்வுக் குழியில் குழப்பம் வந்தால் என்ன பார்ப்பது

கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளுக்கு நடுவே, 1 மீட்டர் 40 செ.மீ. ஆழத்தில், ஷாம்பு பாக்கெட்டின் ஒரு மூலை. நான் முதன்முதலாக ஒரு குழிக்குப் பொறுப்பாக நின்ற வாரத்தில் நடந்தது இது. கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்த அக்கா "மேலேயிருந்து விழுந்திருக்கும் தம்பி, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார், நானும் சரிக்கா என்றேன். தூக்கிப் போட்ட பிறகுதான் உறைத்தது. அது அன்று காலையில் காற்றில் பறந்து வந்து விழுந்ததா, இல்லை எலி வளை வழியாகப் பல வருடம் முன்பே இறங்கிவிட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. காற்றில் வந்தது என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வளை வழியாக வந்தது என்றால், அதைச் சுற்றி எடுத்த ஓடுகளில் எது அந்த அடுக்குக்குச் சொந்தம், எது மேலேயிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. அந்த மட்டத்துப் பைகள் எல்லாவற்றின் மேலும் கேள்விக்குறி போட்டு வைக்க வேண்டியதாயிற்று.

மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு என்பது மண் படியும் வரிசைக்குச் சரியான விதி. மண்ணுக்குள் கிடக்கும் பொருளுக்கு அது தானாகப் பொருந்திவிடாது, ஏனென்றால் படிந்த மண் அதற்கப்புறமும் விரிகிறது, சுருங்குகிறது, புழுவும் கரையானும் அதைச் சுமக்கின்றன, மழை அரிக்கிறது, மாடு மிதிக்கிறது, மரம் வேரோடு சாய்ந்தால் ஒரு வண்டி மண்ணையே புரட்டிப் போடுகிறது. அதனால் குழியில் கண்ணில் படுகிற அறிகுறிகளை வைத்து எதைச் சந்தேகிக்கலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி பெற்ற அகழாய்வில் வேலை செய்கிற மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இது. சொந்த நிலத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் நீங்களே தோண்டாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் குழப்பம் என்றாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

பொருளைப் பிடுங்காதீர்கள். அது படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். அதை ஒட்டியுள்ள மண்ணின் நிறமும் இறுக்கமும் ஒரு சாண் தள்ளியுள்ள மண்ணோடு ஒத்துப்போகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். சுற்றிக் கிடப்பவை எல்லாம் ஒரே அளவா, பெரிசும் பொடியும் கலந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த மூன்றையும் எழுதி, படம் எடுத்து, ஆழம் அளந்த பிறகு எடுக்கலாம். பத்து நிமிட வேலைதான், ஆனால் பொருள் கைக்கு வந்த பிறகு இந்தப் பத்து நிமிடத்தை எந்தச் சோதனைக்கூடத்தாலும் திருப்பித் தர முடியாது.

கீழ் அடுக்கில் புதுப் பொருள் கிடைக்கிறது

பிளாஸ்டிக், புது நாணயம், கண்ணாடி வளையல் துண்டு, சீமை ஓடு. முதலில் சாதாரணக் காரணத்தைப் பாருங்கள்: ராத்திரி மழையில் குழியின் பக்கச் சுவர் சரிந்திருக்கலாம், மேலே நடந்தவர்கள் காலால் தட்டிவிட்டிருக்கலாம். குழி அடியில் மேல் ஒரு விரல் கனத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். அதோடு நின்றுவிட்டால் பிரச்சினை முடிந்தது. அதற்குக் கீழேயும் வந்தால் மண்ணில் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வழியைக் கண்டுபிடிக்கக் குழியின் சுவரை நேராகச் செதுக்கி, பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். தளர்ந்த மண்ணும் இறுகிய மண்ணும் ஒரே வேகத்தில் காயாது, அதனால் அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வளையெல்லாம் வேறு நிறத்தில் தெரிய ஆரம்பிக்கும். வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருந்து உள்ளே பொலபொலவென்று இருந்தால் எலி, பெருச்சாளி, வெள்ளெலி. கீழே போகப் போக ஒல்லியாகி, கிளை பிரிந்தால் வேர் மக்கிய ஓட்டை. மேலே அகலமாகி ஆப்பு மாதிரி கீழே கூர்ந்தால் வெடிப்பு. அடுக்குகளைக் கத்தியால் வெட்டினாற்போல் வெட்டிக்கொண்டு இறங்கி அடியில் ஒரு முடிவு தெரிந்தால் அது மனிதர் தோண்டிய பள்ளம். பழைய ஊர் மேடுகளில் இந்தக் கடைசி வகைதான் ரொம்பத் தொல்லை, ஏனென்றால் ஜனங்கள் குப்பைக்குத் தோண்டியிருப்பார்கள், தானியம் வைக்கத் தோண்டியிருப்பார்கள், உறைகிணறு இறக்கத் தோண்டியிருப்பார்கள். உறைகிணற்றுக்குத் தோண்டும்போது அடியிலிருந்த பழைய மண் மேலே வந்து கொட்டுகிறது, கிணற்றுக்கும் மண்சுவருக்கும் நடுவே புது மண் உள்ளே போகிறது, ஆக வரிசை இரண்டு பக்கமும் தலைகீழாகிறது.

வழி தெரிந்ததும், அதற்குள் இருக்கும் மண்ணைத் தனியாக எடுங்கள், தனிச் சல்லடை, தனிப் பை, தனி எண். அடுக்கின் பையோடு கலக்கவே கூடாது. கொறிக்கும் பிராணிகள் பொருளை அளவு பார்த்துப் பிரித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வளைக்குள் நுழையும் சின்னத் துண்டுகளை மண்ணோடு சேர்த்து மேலே தள்ளும், பெரியவற்றை நகர்த்த முடியாமல் அடியில் பறிக்கும், அவை கீழே இறங்கும். கலிபோர்னியாவில் ஜாஸ்பர் ரிட்ஜ் என்ற இடத்தில் ஏற்கெனவே தோண்டி மூடிய சதுரங்களையே சில ஆண்டுகள் கழித்து மறுபடி தோண்டி, இதற்குள் கொறிக்கும் பிராணிகள் மண்ணை எவ்வளவு கலக்கியிருக்கின்றன என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கரிசல் காட்டில் மேலே நிறையக் கிடைக்கிறது, ஓடுகள் செங்குத்தாக நிற்கின்றன

கொஞ்சம் நிதானமாக இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைத் தவறாகப் படிப்பது சுலபம். பங்குனி, சித்திரையில் கரிசல் நிலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், வெடிப்புக்குள் கையே நுழையும், குச்சியை விட்டால் முழங்கால் ஆழத்துக்கு இறங்கும். மேற்பரப்பில் கிடக்கும் சின்ன ஓடு, மணி, கரித்துண்டு எல்லாம் அதில் விழுகின்றன, காற்றும் முதல் மழையும் மேல்மண்ணையும் உள்ளே தள்ளுகின்றன. ஐப்பசி மழையில் களிமண் தண்ணீர் குடித்து வீங்குகிறது. வெடிப்பு இருந்த இடம் இப்போது காலியாக இல்லை, மேல்மண் அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால் வீங்கும் மண்ணுக்குப் பக்கவாட்டிலும் மேலேயும் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தள்ளலில் கல், பெரிய ஓடு போன்றவை மண்ணோடு சேர்ந்து உயர்கின்றன. மறுபடி காயும்போது மண் அடங்குகிறது, ஆனால் கல்லுக்கு அடியில் விட்ட இடைவெளியில் பொடி மண் புகுந்துவிட்டதால் கல் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு வருடத்தில் இது மயிரிழை நகர்வுதான். ஆயிரம் கோடையும் ஆயிரம் மழைக்காலமும் போனால், சின்னது கீழேயும் பெரிசு மேலேயும் போய்ச் சேர்ந்துவிடும்.

சோதிப்பது எப்படி? குழிச் சுவரில் ஒரு கட்டியைப் பிட்டுப் பாருங்கள், உடைந்த முகம் தேய்த்து மெருகேற்றின மாதிரி மினுமினுவென்று, மெல்லிய கீறல்களோடு சாய்வாக இருந்தால் மண் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்திருக்கிறது. ஓடுகள் படுத்திருப்பதற்குப் பதில் எல்லாக் கோணத்திலும் நின்றால் அதே சந்தேகம். இந்த இரண்டும் இருக்கிற ஆழம் வரை உள்ள பொருளை ஒரே தொகுதியாகத்தான் கொள்ள வேண்டும். 10 செ.மீ., 10 செ.மீ. என்று வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்றாண்டு கொடுக்கும் பழக்கம் கரிசலில் வேண்டவே வேண்டாம். ஈரம் மாறாத ஆழத்தில், வழுக்கு முகங்கள் நின்றுபோன இடத்துக்குக் கீழே, வரிசையை மறுபடி நம்பலாம். மண்ணுக்குள் சுண்ணாம்பு திரண்டு உருவாகும் சுக்கான் கல் இருந்தால் எல்லை எங்கே என்று யோசிக்க ஒரு குறிப்பு கிடைக்கும், ஆனால் அதுவும் கலக்கத்தில் நகரக்கூடியது, அதை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் அந்த நிலத்தைக் கோடையில் ஒரு முறை போய்ப் பாருங்கள், வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று குச்சி விட்டு அளங்கள். அந்த அளவு உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே ஆழத்தில், கோடு போட்ட மாதிரி கிடக்கிறது

பார்த்ததும் "ஆஹா, தரைமட்டம்!" என்று தோன்றும். சில சமயம் உண்மையாகவே தரைதான். ஆனால் புழுவும் கரையானும் இதே கோட்டைப் போடும்.

சார்லஸ் டார்வின் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் 1842-இல் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871-இல் அதன் குறுக்கே வாய்க்கால் வெட்டிப் பார்த்தார். வெள்ளைத் துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே கழித்ததால் துண்டுகள் தாமாகவே புதைந்துபோயின, வருடத்துக்குச் சுமார் 6 மி.மீ. வேகத்தில். இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் விழுந்துகிடந்த பெருங்கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்வதையும் அவர் 1877-இல் நேரில் போய்ப் பார்த்து, அதற்கும் புழுக்களைக் காரணம் சொன்னார். அவர் ஒரு பிள்ளைக்குரிய ஆர்வத்தோடும் ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடும் இதைச் செய்திருக்கிறார், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

வெப்ப நாடுகளில் அந்த வேலையில் கரையானுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் பாம்புப் புற்று என்று மஞ்சள் குங்குமம் வைக்கும் ஒவ்வொரு புற்றும் அடியிலிருந்து பொடி மண்ணாகத் தூக்கிக் கட்டப்பட்டது. மழையில் கரைந்து பரவும்போது சுற்றியுள்ள தரை ஒரு படலம் உயர்கிறது. கரையானால் நெல்மணி அளவுக் கல்லைக்கூடத் தூக்க முடியாது, அதனால் தூக்க முடியாத கல்லும் ஓடும் அப்படியே கீழே தங்கி ஒரு வரியாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆப்பிரிக்கத் தளங்களைப் படிக்கக் கரையானைக் கணக்கில் எடுக்காமல் முடியாது என்று தொல்லியலாளர் சாலி மெக்பிரெயர்ட்டி 1990-இல் எழுதினார். ஆஸ்திரேலியாவின் மட்ஜெட்பெபே பாறைக் குகைத்தளத்துக்கு 65,000 ஆண்டுகள் என்று 2017-இல் அறிவித்தபோதும் கருவிகளைக் கரையான் கீழே இறக்கியிருக்குமா என்பது விவாதத்தில் ஒரு முக்கியக் கேள்வியாக வந்தது.

உண்மையான தரை என்றால் அது மிதிபட்டு இறுகியிருக்கும், அடுப்புச் சாம்பல் இருக்கும், கம்பம் நட்ட குழி இருக்கும், பெரிய துண்டோடு பொடித் துண்டும் அதே மட்டத்தில் கலந்திருக்கும். உயிரினம் போட்ட கோட்டில் இவை இருக்காது, கோட்டுக்கு மேலே உள்ள மண் சலித்த மாவு போல ஒரே சீராக இருக்கும். மேல்மண்ணில் ஒரு கிலோ எடுத்துத் தண்ணீரில் அலசிச் சல்லடையில் பாருங்கள். பெருமணலுக்கு மேற்பட்ட ஒரு கல்கூட இல்லை, கோட்டில் மட்டும் அத்தனையும் இருக்கிறது என்றால், புழுவோ கரையானோ போட்ட கோடு என்று எழுதுங்கள்.

ஒரே பானையின் துண்டுகள் இரண்டு அடுக்குகளில் வருகின்றன

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றிலும் உறுதியான சோதனை இதுதான்: ஒட்டிப் பார்ப்பது. பணம் வேண்டாம், ஒரு பெரிய மேசையும் பொறுமையும் போதும். ஒவ்வொரு துண்டின் மேலும் எண் எழுதியிருந்தால்தான் இது முடியும், அதை விட்டுவிடாதீர்கள்.

பிரான்சின் நீஸ் நகரில் டெரா அமாட்டா என்ற தளத்தை 1966-இல் தோண்டினார்கள், மெல்லிய மெல்லிய குடியிருப்பு மட்டங்களாகப் பிரித்தார்கள். தொல்லியலாளர் பாவோலா வில்லா அங்கே கிடைத்த கற்செதில்களை (கல்லைத் தட்டும்போது உடைந்து வரும் துண்டுகளை) ஒட்டிப் பார்த்து 1982-இல் வெளியிட்டார். வெவ்வேறு மட்டங்களில் எடுத்த துண்டுகள் ஒரே கல்லிலிருந்து வந்தவை என்று பொருந்தின. தனித்தனி மட்டம் என்று நம்பியது அவ்வளவு தனியாக இல்லை. அதற்கு முன்பே காங்கோவில் கின்ஷாசாவுக்கு அருகே கோம்பே என்ற இடத்திலும் இதே கதைதான். அடுத்தடுத்து வந்த பண்பாடுகள் என்று பாடம் சொன்ன அடுக்குகளுக்கு இடையே துண்டுகள் பொருந்தியதை டேனியல் காஹனும் மோயர்சன்ஸும் 1977-இல் காட்டினார்கள், அங்கே மண் தளர்ந்த மணல், நனைந்து காய்ந்து பொருள் இறங்கியிருக்கிறது. நடு ஆப்பிரிக்காவின் கற்கால வரிசையையே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

ஒட்டும் துண்டுகளுக்கு இடையிலான ஆழ வித்தியாசத்தையும் கிடைமட்டத் தூரத்தையும் ஒரு தாளில் வரையுங்கள். ஒன்றிரண்டு கோடு மட்டும் அடுக்கைத் தாண்டினால் வளையோ வேரோ காரணமாக இருக்கலாம், அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்குங்கள். பாதிக்கு மேல் தாண்டினால் நீங்கள் போட்ட எல்லைக்கோட்டை அழித்துவிட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கஷ்டமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் பிரித்து எழுதின பட்டியல் அது. ஆனாலும் சேர்த்துவிடுங்கள்.

பெரிய கருவி இருக்கிறது, பொடிச் சில்லு காணோம்

கல்லைத் தட்டிக் கருவி செய்தால் ஒரு கருவிக்கு நூற்றுக்கணக்கில் பொடிச் சில்லு தெறிக்கும். அவை இல்லை என்றால் முதலில் உங்கள் சல்லடைக் கண்ணைப் பாருங்கள், பெரிய கண் சல்லடை என்றால் நீங்களே கொட்டிவிட்டீர்கள். சல்லடை சரி என்றால் தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம். கருவி விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா, நீளவாக்கு எல்லாம் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று பாருங்கள். திசைகாட்டி வைத்து ஒவ்வொன்றாக எழுதினால் சந்தேகம் தீரும்.

இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டறிந்த இடம். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே தோண்டியபோது கல்லால் ஆன கைக்கோடரிகள் மெல்லிய படலம் படலமாகப் படிந்த களிமண் அடுக்குக்குள் கிடந்தன. களி படிவது மெதுவான தண்ணீரில், அந்தத் தண்ணீருக்குக் கைக்கோடரியை உருட்டும் பலம் கிடையாது, அப்படியானால் கொண்டுவந்தது மனிதர். படிகக்கல் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை அளக்கும் முறையாலும் மண்ணின் பழைய காந்தத் திசையாலும் அந்த அடுக்குக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். புதைந்த விதத்தைச் சரியாகப் படித்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

தேரி மணலில் எல்லாக் காலத்துக் கருவியும் ஒரே பரப்பில்

தூத்துக்குடிப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் நுண்கற்கருவிகள் (மிகச் சிறிய கல் கருவிகள்) கிடைப்பது பழைய செய்தி, சாயர்புரம் முதலிய தளங்களைப் பற்றி ஜோய்னரும் ஆல்ச்சினும் 1956-இலேயே எழுதியிருக்கிறார்கள். தேரியில் காற்று மணலை அள்ளிக்கொண்டு போகிறது, கல் போக முடியாமல் இறங்குகிறது. நாலு வேறு மட்டத்தில் நாலு வேறு காலத்தில் போட்ட கல் எல்லாம் கடைசியில் ஒரே கெட்டித் தரையில் வந்து சேர்கிறது. அதனால் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை ஒரே நாளில் போடப்பட்டவை என்று எழுதாதீர்கள். ஒரு கருவியின் மேல்முகம் மட்டும் மணல் உரசி மெருகேறியிருக்கிறதா, செம்மண் கறை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

சின்னச் சின்ன மற்றவை

சரிவின் அடியில் பழசு மேலேயும் புதுசு கீழேயும் இருந்தால், மேட்டிலிருந்து முதலில் மேல்மண்ணும் பிறகு அடிமண்ணும் அரித்து வந்து குவிந்திருக்கிறது. மேட்டின் தலையையும் வெட்டிப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. குளக்கரை, ஊருணிக்கரையில் கற்செதில்கள் குத்திட்டு நின்றால் கால்நடை மிதித்த சேற்றை நினையுங்கள்: ஆந்திராவின் ஜுர்ரேரு பள்ளத்தாக்கில் எருமைகளையும் ஆடுகளையும் விட்டு மிதிக்கச் செய்து பார்த்த சோதனை 2010-இல் வெளியானது, ஈர நிலத்தில் கருவிகள் அதிகம் இறங்கின, அதிகம் சாய்ந்தன. உழவு நிலத்தில் கலப்பை போகிற ஆழம் வரை எல்லாம் கலவைதான், டிராக்டர் எவ்வளவு ஆழம் உழுகிறது என்று நிலத்துக்காரரையே கேளுங்கள். பனி உறைந்து கல்லை மேலே தள்ளுவது குளிர் நாட்டுக்காரர் பிரச்சினை, சமவெளியில் நமக்கு அது கிடையாது.

மண் சரியாகத்தான் இருக்கிறது, கரியின் தேதி மட்டும் ஒத்துவரவில்லை

கரித்துண்டு லேசானது, சின்னது, வெடிப்பிலும் வளையிலும் முதலில் இறங்குவது அதுதான். மண்ணில் சிதறிக் கிடக்கும் ஒற்றைத் துண்டைக் காலம் கணிக்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். அடுப்புக்குள் இருந்தது, மூடின பானைக்குள் கருகின தானியம், இப்படி நகர்ந்திருக்க வாய்ப்பில்லாததைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றோடு நிறுத்தவும் வேண்டாம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 என்றும் 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205 என்றும் வந்தன. தேதியும் ஆழமும் ஒரே வரிசையில் போகும்போது அடுக்கின் மேல் நம்பிக்கை கூடுகிறது. முன்னுக்குப் பின் வந்தால் மாதிரியைக் குறை சொல்வதற்கு முன் சுவரைத் திரும்பச் செதுக்கித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

வேலை முடிந்து குழியை மூடும்போது அடியிலும் சுவரிலும் பாலித்தீன் விரித்து, அந்த ஆண்டு அச்சடித்த நாணயம் ஒன்றைப் போட்டுவிட்டு மண் தள்ளுங்கள். நமக்குப் பின் வந்து தோண்டுகிறவருக்கு நாம் எங்கே நிறுத்தினோம் என்று தெரிய வேண்டும், நடுவில் மண் எவ்வளவு நகர்ந்தது என்பதை அவர் அந்த நாணயத்திலிருந்தே அளந்துகொள்வார்.